பதினொரு மீற்றர்

"மடுத்தீன், கத்தியைக் கீழை வை!"

இம்மாகுலேற் போட்ட சத்தத்தில் மடுத்தீனின் கை அந்தரத்தில் நின்றுவிட்டது. அவன் வெட்டப்போனது ஆளையல்ல. ஒரு பயணப் பையைச் சுற்றிக் கட்டியிருந்த சிவப்புக் கயிற்றைத்தான். ஆனால் பேசாலைத் தபாற்கந்தோரில் இருபத்திரண்டு வருடம் போஸ்ற்மிஸ்ரஸாகக் குந்தியிருந்த அந்த மனுசிக்கு, கயிற்றை வெட்டிப் பொதி திறக்கிறவனும் கழுத்தை வெட்டிச் சங்கிலி எடுக்கிறவனும் ஒரே ரகம்.

"முடிச்சை அவிழ்த்தால் கட்டினவன் ஆரெண்டு தெரியும். வெட்டினால் என்ன தெரியும்? உன்ரை அவசரம்தான் தெரியும்."

"அக்கா, இப்ப ரெண்டு மணி. நாலு மணிக்குத் தெலிபோன் அடிக்கும். நீங்கள் முடிச்சு வாசிச்சு முடிய உயிர்த்த ஞாயிறு வந்திடும்."

பகிடி விட்டானே தவிர, மடுத்தீன் கத்தியை மடித்துக் காற்சட்டைப் பைக்குள் போட்டான். பாரிஸ் லா சப்பலில் ஒரு சாப்பாட்டுக் கடையில் கோப்பை கழுவுகிறவன் அவன். அவனுக்கு வாரத்தில் கிடைக்கிற அரை நாள் ஓய்வும் இந்த ஆறாம் மாடி அறையில்தான் கழியும். ஹோட்டல் மேசைத்துணிகளுக்கு அயன் போட்டுக்கொண்டு இம்மாகுலேற் இருப்பாள். பொலிசுக்குப் போகப் பயந்தவர்கள், போக வதிவிட விசாக் காட் இல்லாதவர்கள் எல்லாரும் மூச்சு வாங்க வாங்க ஆறு மாடி ஏறி வந்து தங்கள் வில்லங்கத்தை அவளுடைய அயன் மேசையில் இறக்கி வைப்பார்கள்.

இன்றைக்கு இறக்கி வைத்தவள் கௌரி. தையல் பட்டறையில் பொத்தான் வைக்கிறவள். கதிரையின் நுனியில் இருந்தபடி தன் மேலங்கிப் பொத்தானையே திருகிப் பிய்த்துக்கொண்டிருந்தாள்.

"திரும்ப ஒருக்காச் சொல்லும் பிள்ளை, ஆறுதலா" என்றாள் இம்மாகுலேற்.

"என்ரை தங்கச்சி இந்திராதேவி இத்தாலியிலை, மலைக்குக் கீழை ஒரு வீட்டிலை நிக்கிறாள், அக்கா. எட்டு வயசுப் பிள்ளையோடை. நாலு மணிக்கு மெற்றோப் பாலத்துக்குக் கீழை இருக்கிற தெலிபோன் கபினுக்கு எடுப்பாள். நான் 'வா' எண்டால் வாசலிலை நிக்கிற வானிலை ஏறி மேல் ஊருக்குப் போவாள். விடியப் பனிமலையாலை நடத்திக்கொண்டு வருவினம். 'வராதை' எண்டால் நிப்பாள். நான் என்ன சொல்ல?"

"அங்கை பனி எப்பிடி?"

"ரெண்டு நாள் விடாமல் கொட்டினதாம். இண்டைக்குத்தான் வெளிச்சிருக்காம். யோகநாதண்ணை சொல்லுறார், அது நல்லதாம். புதுப் பனி பஞ்சு மெத்தை மாதிரியாம், விழுந்தாலும் நோகாதாம்."

"ஆர், ஆக்களைக் களவா எடுப்பிக்கிற எங்கடை ஏஜென்சி யோகநாதனோ?" என்றான் மடுத்தீன். "அந்தாள் சக்ரே கேர் கோயில் படி ஏறவே ரெண்டு தரம் குந்துற ஆள். அவரோ மலைக்கு வழி சொல்லுறார்?"

இம்மாகுலேற் சிரிக்கவில்லை. "தங்கச்சியின்ரை மனுசன் இரத்தினம் அதே வழியாலைதானே வந்தவர்?"

"ஓம். வந்து, இஞ்சை ஒருத்தரையும் பாராமல் ஜெர்மனியிலை மாமா வீட்டை போட்டாராம். காகிதமும் பையும் குடுத்திட்டுப் போனதெண்டு யோகநாதண்ணை இண்டைக்குக் காலமைதான் கொண்டுவந்து தந்தார். உடனை தெலிபோனிலை இந்திராவுக்கு வாசிச்சும் காட்டிப்போட்டன். எழுத்து அவரின்ரை எழுத்துத்தான், அக்கா. எனக்கு வடிவாத் தெரியும். ஆனால் மனம் கேக்குதில்லை."

காகிதம் நான்கே வரி. 'நான் சுகமாகப் பாரிஸ் வந்து சேர்ந்தேன். பாதையில் ஒரு பயமும் இல்லை. நீயும் பிள்ளையும் அதே வழியால் வரவும். நான் ஜெர்மனிக்கு மாமாவிடம் போகிறேன்.' மேலே வலப்பக்கம் தேதி: 17-2-86.

இம்மாகுலேற் அதைச் சன்னல் வெளிச்சத்தில் பிடித்து, மூக்குக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி, மறுபடி இறக்கிப் பார்த்தாள். பிறகு ஒரு பென்சிலை மடுத்தீனிடம் நீட்டினாள்.

"ஏழு எழுது."

"என்ன அக்கா, வாய்ப்பாடு கேக்கப் போறியளோ?" அவன் எழுதினான். ஏழின் நடுவில் ஒரு குறுக்குக் கோடும் இழுத்தான்.

"உந்தக் குறுக்குக் கோடு ஊரிலை போட்டனியோ?"

"ஊரிலை ஆர் போட்டது? இஞ்சை வந்து விசாக் குடுக்கிற பிறிபெக்தூர்க் கந்தோர்ப் பெட்டை மூண்டு தரம் போர்மைத் திருப்பி எறிஞ்சாப் பிறகு பழகினது. கோடு போடாட்டி ஒண்டெண்டு வாசிப்பாளவை."

"வந்து எவ்வளவு நாளிலை பழகினாய்?"

"ஆறு மாதம்..." மடுத்தீனின் வாய் திறந்தபடி நின்றது.

காகிதத்தில் உள்ள தேதியின் ஏழுக்குக் குறுக்கே நல்ல நீளமாக ஒரு கோடு கிடந்தது.

"நேற்று வந்து இறங்கினவன் ஏழுக்குக் கோடு போடமாட்டான்" என்றாள் இம்மாகுலேற். "நாலு வரியும் இரத்தினம் எழுதினது. தேதி, இஞ்சை வருசக்கணக்கா இருக்கிற ஒருத்தன் போட்டது. அப்ப இரத்தினம் தேதி இல்லாமல் காகிதம் எழுதியிருக்கிறார். சேர்ந்த பிறகு எழுதிறவனுக்குத் தேதி தெரியும், கௌரி. சேர முதல் எழுதிறவனுக்குத்தான் தெரியாது."

கௌரியின் பொத்தான் கையோடு வந்துவிட்டது. அவள் அதைப் பார்த்தபடியே இருந்தாள்.

இம்மாகுலேற் பைப் பக்கம் திரும்பினாள். எட்டுச் சுற்றுச் சுற்றிய சிவப்புக் கயிறு, சின்னி விரலிலும் மெல்லியது. அங்கங்கே நகத்தளவு தகரத் துண்டுகள் கோத்திருந்தன. முடிச்சை அவள் பல்லுப் பிடுங்குகிற டாக்குத்தர் மாதிரி மெல்ல அசைத்துப் பார்த்தாள். "உது என்ன முடிச்சு?"

மடுத்தீன் குனிந்தான். பேசாலைக் கடலில் பதினைந்து வருடம் வலை இழுத்த கண் அது. "வலை முடிச்சு, அக்கா. கடைக்காரன் கட்டிற முடிச்சில்லை. ஆனால்... பொறுங்கோ. இது மாறிக் கிடக்கு. வலத்தாலை போகவேண்டிய வளையம் இடத்தாலை போகுது. கட்டினவன் இடக்கைக்காரன்."

"பாத்தியோ? வெட்டியிருந்தால் இது எங்கை?"

முடிச்சு அவிழ்ந்தது. பைக்குள் ஒரு சறம், சவர மெசின், ஈரம் பட்டு ஒட்டிப்போன குடும்பப் படம். ஜெர்மனிக்குப் போகிறவன் சவர மெசினையும் விட்டுவிட்டா போவான் என்று மடுத்தீன் கேட்க வாயெடுத்து, கௌரியைப் பார்த்துவிட்டு வாயை மூடிக்கொண்டான். அவனுக்கே அது புதுமையாக இருந்தது.

கயிற்றை நீட்டிப் பார்த்தார்கள். ஒவ்வொரு தகரத்திலும் ஒரு இலக்கமும் ஒரு அம்புக்குறியும் குத்தியிருந்தன. ஒரு முனை இருபதில் முடிந்தது. மறுமுனை பதினொன்றில் தொடங்கியது. அம்புக்குறி எல்லாம் பதினொன்றுப் பக்கத்தையே, அதற்கும் அப்பால் இல்லாத கயிற்றையே காட்டின.

"ஒண்டிலை இருந்து பத்து வரைக்கும் எங்கை?" என்றாள் இம்மாகுலேற். அவள் அயனை அணைத்துவிட்டு மேலங்கியை எடுத்தாள். "கௌரி, நீர் போய்க் கபினிலை நில்லும். ஒருத்தரையும் உள்ளுக்கை விடாதையும். நாங்கள் நாலுக்கு முதல் வருவம்."

*

தெருமுனைக் கபேயின் முதலாளி அர்மோன், சவோய் மலைப்பக்கத்துக் கிழவன். வாலிபத்தில் மலைப்படையில் இருந்தவன் என்று சொல்லிக்கொள்வான். அவன் சொல்லுகிற மலைக் கதைகளை அந்தத் தெருவில் யாரும் காசுக்கு மதிப்பதில்லை. மடுத்தீன் மட்டும் கோப்பிக்காகக் கேட்பான்.

இம்மாகுலேற் கயிற்றை மேசையில் வைத்தாள். அர்மோன் துடைத்துக்கொண்டிருந்த கிளாசைக் கீழே வைத்தான். பிறகு தலையில் இருந்த தொப்பியையும் கழற்றி வைத்தான்.

"மதாம், இது எங்கே கிடைத்தது?" என்று பிரெஞ்சில் கேட்டான்.

"முதலில் இது என்ன என்று சொல்லுங்கள்." அவளுடைய நாலு வருடப் பிரெஞ்சு தட்டுத் தடுமாறினாலும் கேள்வி கேட்கும்போது நேராகத்தான் போகும்.

"பனிச்சரிவுக் கயிறு. இப்போது வசதியுள்ளவர்கள் நெஞ்சில் ரேடியோப் பெட்டி கட்டிக்கொள்கிறார்கள். பழைய ஆட்களிடம் இதுதான். ஒரு முனையை இடுப்பில் கட்டவேண்டும். மறுமுனையைச் சும்மா விட்டுவிடவேண்டும், வால் மாதிரிப் பின்னால் இழுபட்டு வரும். மலை சரிந்து ஆளை மூடினாலும் கயிறு இலேசு, அதில் ஒரு பகுதியாவது மேலே கிடக்கும். தேடுகிறவன் சிவப்பைக் கண்டால் போதும். தகரத்தைப் பார்ப்பான். அம்புக்குறி ஆள் கிடக்கும் பக்கம். இலக்கம், ஆளுக்கு இன்னும் எத்தனை மீற்றர் என்று."

அவன் பதினொன்றாம் தகரத்தை விரலால் தடவினான். தகரத்தை ஒட்டி வெட்டிய முனை பிசிறில்லாமல் இருந்தது.

"இது அறுந்ததல்ல, மதாம். கத்தி." அவன் நிமிர்ந்தான். "இந்த அம்புக்குறி காட்டுகிற ஆள் எங்கே?"

மடுத்தீனுக்கு, ஆறு வருடமாகப் பகிடியால் தள்ளிக்கொண்டு வந்த குளிர் எல்லாம் ஒன்றாக வந்து உட்கார்ந்த மாதிரி இருந்தது.

இம்மாகுலேற் அந்தக் கேள்வியை விட்டுவிட்டு அடுத்ததைக் கேட்டாள். "இரண்டு நாள் பனி கொட்டியிருக்கிறது. இன்று வெளித்திருக்கிறது. நாளை விடிய ஒரு பெண்ணும் ஒரு பிள்ளையும் மலையால் நடக்கலாமா?"

"காற்று இருந்ததா?"

"தெரியாது."

"மலையில் காற்று இல்லாமல் பனி ஏது? என் நாயைக்கூட விடமாட்டேன்." அர்மோன் சீனிப் போத்தலை எடுத்து மேசையில் கொட்டி, அதற்கு மேல் ஒரு மட்டையை வைத்தான். "காற்று ஒதுக்கிக் கொட்டுகிற பனி இந்த மட்டை மாதிரி இறுகிவிடும். பார்த்தால் உறுதி. அடியில் பழைய பனி சீனி மாதிரி உதிர்ந்து கிடக்கும்." மட்டையைச் சரித்தான். அது சீனியையும் வாரிக்கொண்டு நிலத்தில் விழுந்தது. "சத்தம் போட்டால் மலை சரியும் என்பார்கள், அது கதை. கால் வைத்தால்தான் சரியும். அடியில் இருந்து 'வும்' என்று ஒரு சத்தம் வந்தால், வந்த வழியே திரும்பவேண்டும். புதுப் பனி விழுந்தால் ஒன்றிரண்டு நாளாவது பொறுக்கவேண்டும். போயே ஆகவேண்டும் என்றால், சரிவில் ஒருவர் கடந்து முடிந்த பிறகுதான் மற்றவர் கால் வைக்கவேண்டும்."

"மூடினால்?"

"கால் மணித்தியாலம். அதற்குள் எடுத்தால் அநேகமாக ஆளை எடுக்கலாம். பிறகு பிரேதத்தைத்தான் எடுக்கலாம்."

வெளியே வந்ததும் மடுத்தீன் வெடித்தான். "அக்கா, கயிற்றின்ரை இந்த நுனியைப் பிடிச்சிருந்தவனுக்கு, பதினொரு மீற்றருக்குள்ளை ஒரு மனுசன் மூச்சுக்குத் தவிக்கிறது தெரியும். தெரிஞ்சும் தோண்டேல்லை. வெட்டியிருக்கிறான். இது கொலை!"

"இருக்கலாம்."

"என்ன இருக்கலாம்? பத்து நாளைக்கு முன்னம் வந்த கூட்டத்திலை ஒரு இடக்கைக்காரன், அதிலையும் வலை முடிச்சுத் தெரிஞ்சவன். அப்பிடி ஒரே ஒரு ஆள்தான் இருக்கு. வங்காலை பத்திநாதர். மீன்கடையிலை நிக்கிறார். தெரியுமே உங்களுக்கு, அந்தாள் மீன் வெட்டுவார், ஐஸ் பெட்டிக்குக் கிட்டப் போகமாட்டார். ஐஸ் அள்ள ஆள் கூப்பிடுவார். ஏதோ ஜமீன்தார் எண்டு நானும் நக்கலடிச்சனான்." அவன் தலையில் அடித்துக்கொண்டான். "பாவி! கண்ணுக்கு முன்னாலை கிடந்திருக்கு."

*

மீன்கடையின் பின்பக்கத்தில் பத்திநாதர் பாரை மீனுக்குச் செதில் சீவிக்கொண்டிருந்தார். ஐம்பது வயது, தோள் இரண்டும் கடற்காரத் தோள். கத்தி இடக்கையில் இருந்தது. வலக்கையில் இரண்டு விரல் நுனி கறுத்து, துணி சுற்றியிருந்தது. மணி மூன்று பத்து.

இம்மாகுலேற் மீன் வெட்டுகிற பலகையில், மீனுக்குப் பக்கத்தில் சிவப்புக் கயிற்றை வைத்தாள்.

பத்திநாதர் அதைப் பார்த்தார். கத்தியை வைத்தார். பிறகு பலகையைப் பிடித்தபடி மெல்ல மெல்ல ஒரு மீன் பெட்டியின் மேல் உட்கார்ந்தார்.

"அது இரத்தினத்தின்ரை கயிறு" என்றார். "அவரின்ரை வீட்டுக்குத்தானே போகவேணும். அதாலைதான் பையிலை சுத்திக் கட்டி யோகநாதனிட்டைக் குடுத்தனான்."

"ஆளை என்ன செய்தனீர்?" மடுத்தீன் அவருடைய சட்டையைப் பிடிக்கப் போனான். இம்மாகுலேற் அவன் கையைத் தட்டிவிட்டாள்.

"சொல்லுங்கோ, பத்தி அண்ணை. முதல் காகிதத்திலை இருந்து சொல்லுங்கோ."

"காகிதமோ? அது யோகநாதன்ரை வழக்கம். ஏற முதல்நாள் எல்லாரும் 'சுகமா வந்து சேர்ந்தன்' எண்டு எழுதிக் குடுக்கவேணும், தேதியை விட்டிட்டு. சேர்ந்தாப் பிறகு எழுத நேரம் வராதாம். ஜெர்மனியைப் பற்றியும் எழுதச் சொன்னவை. அஞ்சு பேரும் எழுதினம். நான் பிரேதம் எழுதின காகிதத்தைப் பாத்துக்கொண்டிருக்கிறன் எண்டு அப்ப எனக்குத் தெரியுமே?"

அவர் முகத்தைப் புறங்கையால் துடைத்தார். செதில் ஒன்று கன்னத்தில் ஒட்டிக்கொண்டது.

"வழிகாட்டி இத்தாலிக்காரன். நல்ல மனுசன். ஆளுக்கு ஒரு சிவப்புக் கயிறு தந்தான். இடுப்பிலை கட்டு எண்டு கையாலை காட்டினான். வாலை விடு எண்டும் காட்டினான். தள்ளித் தள்ளிப் போ எண்டும் காட்டினான். ஏனெண்டு சொல்ல அவனுக்கு எங்கடை பாசை தெரியாது. மூண்டு பேர் முன்னுக்குப் போட்டினம். இரத்தினம் நாலாவது. நான் கடைசி. வள்ளத்திலையும் சுக்கான் பிடிக்கிறவன் கடைசியிலைதானே. இரத்தினம் நாலு எட்டு வைச்சிட்டு நிண்டிட்டார். 'அண்ணை, தனிய நடக்கப் பயமா இருக்கு' எண்டார். மூச்சும் வாங்கிச்சுது. பையை நான் வாங்கிக்கொண்டன். அவரின்ரை கயிற்று வால் என்ரை காலடியிலை சும்மா கிடந்துது. நான் எத்தினை சனத்தைக் கடல்நீரேரியாலை இருட்டிலை கூட்டிக்கொண்டு போனவன்! எல்லாரையும் ஒரு கயிற்றிலை கோத்துக்கொண்டுதான் போவம். ஒருத்தன் தாழ்ந்தால் மற்றவன் இழுப்பான். அந்த நினைப்பிலை வாலை எடுத்து என்ரை இடுப்பிலை கட்டினன். மிச்சத்தையும் சுத்திக்கொண்டு கிட்டவா நடந்தன். 'பயப்பிடாதையும் தம்பி, நான் பிடிச்சிருக்கிறன்' எண்டன்."

பேசாலையில் மடுத்தீனும் அப்படித்தான் சனத்தைக் கூட்டிக்கொண்டு போயிருக்கிறான்.

"முன்னுக்கு நிண்டு வழிகாட்டி கத்தினான். கெதியா வரச் சொல்லுறான் எண்டு நினைச்சு இன்னும் நெருங்கினம். அப்ப அடியிலை 'வும்' எண்டு ஒரு சத்தம். பாயை உருவின மாதிரி மலை போச்சுது. இரத்தினம் நிண்ட இடமே இல்லை. கயிறு என்னை இடுப்போடை இழுக்குது. அரைவாசி நான் பனிக்குள்ளை. நங்கூரம் பாறையிலை மாட்டி வள்ளத்தைத் தாழ்க்குது எண்டு வையும். கத்தி இடுப்பிலை கிடக்கு. நீர் கடற்காரன்தானே, மடுத்தீன்? நீர் என்ன செய்வீர்?"

மடுத்தீன் பொய் சொல்ல எவ்வளவோ முயன்றான்.

"வெட்டியிருப்பன்" என்றான்.

"நானும் வெட்டினன். யோசிக்கேல்லை. கை வெட்டிச்சுது."

கொலைகாரனைத் தேடி வந்த இடத்தில் தன்னுடைய கையையே கண்டதுபோல மடுத்தீன் ஒரு அடி பின்னால் போனான். கடலிலே உயிரைக் காப்பாற்றுகிற வேலை, மலையிலே உயிரை எடுத்திருக்கிறது. அதைச் செய்யவேண்டாம் என்று தமிழில் ஒரு வார்த்தை சொல்ல அந்த மலையில் ஆளில்லை. யாரில் கோபப்படுவது என்று தெரியாமல் அவன் கைகளைப் பைக்குள் திணித்துக்கொண்டான்.

"பேந்து?" என்றாள் இம்மாகுலேற்.

"வழிகாட்டி ஓடி வந்தான். என்ரை இடுப்பிலை கிடந்த கயிற்றைத் தொட்டுத் தொட்டு என்னவோ கேட்டான். எனக்கு விளங்கேல்லை. நான் முழு மலையையும் காட்டினன். ஒரு மணித்தியாலம் தடியாலை குத்திக் குத்திப் பாத்தான். பிறகு இருந்து அழுதான்." பத்திநாதர் கயிற்றை எடுத்தார். "தங்கச்சி, நீங்கள் படிச்ச ஆள். இந்தத் தகரத்திலை கிடக்கிற நம்பர் என்ன? பத்து நாளா யோசிக்கிறன்."

இம்மாகுலேற் கண்ணை மூடித் திறந்தாள். சொல்லாமல் விட்டிருக்கலாம் என்று மடுத்தீன் பிறகு பல தடவை நினைத்தான். ஆனால் அவள் இருபத்திரண்டு வருடத்தில் ஒரு தந்தியையும் மாற்றி வாசித்தவள் அல்ல.

"நீங்கள் வெட்டின இடத்திலை இருந்து அந்த மனுசன் பதினொரு மீற்றர், அண்ணை. வால் சும்மா மேலை கிடந்திருந்தால் வழிகாட்டி நேரை போய்த் தோண்டியிருப்பான்."

பத்திநாதரிடம் இருந்து வந்தது அழுகையல்ல. வயிற்றுக்குள் இருந்து ஒரு சத்தம். கடை முன்பக்கத்தில் மீன் வாங்கிக்கொண்டு நின்ற பெண்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

"இதை வந்த அண்டே ஏன் சொல்லேல்லை?" என்றான் மடுத்தீன். குரலில் இப்போது சூடு இல்லை.

"என்ரை மனுசி மார்கிரட்டும் ரெண்டு பிள்ளையளும் கொழும்பிலை யோகநாதன்ரை ஆக்களின்ரை வீட்டிலை. 'வாய் திறந்தால் அதுகள் அங்கையே கிடக்கும்' எண்டான்."

இம்மாகுலேற் மணிக்கூட்டைப் பார்த்தாள். மூன்று நாற்பது. "இரத்தினத்தின்ரை மனுசியும் எட்டு வயசுப் பிள்ளையும் நாலு மணிக்கு அதே மலைக்கு வெளிக்கிடுதுகள், அண்ணை. நாங்கள் சொன்னால் நம்பமாட்டாள். மனுசன் சொந்தக் கையாலை எழுதின காகிதத்தை அவளுக்கு வாசிச்சுக் காட்டியாச்சு. கண்ட ஆள் நீங்கள் ஒருத்தர்தான்." அவள் குரலைத் தாழ்த்தினாள். "கொழும்பிலை எனக்குத் தெரிஞ்ச போஸ்ற்மாஸ்ரர்மார் பதினாலு பேர். இண்டைக்கே தந்தி போகும். உங்கடை மனுசியையும் பிள்ளையளையும் அந்த வீட்டாலை எடுத்துக் கோயிலிலை விடச் சொல்லுறன். சரிவரும் எண்டு சத்தியம் பண்ணமாட்டன். தந்தி போகும் எண்டு சத்தியம் பண்ணுறன்."

பத்திநாதர் எழுந்து ஏப்ரனைக் கழற்றினார்.

*

மெற்றோப் பாலத்தின் கீழ்க் கபின் வாசலில் கௌரி நின்றாள். கபினுக்கு உள்ளே யோகநாதன் நின்றார். தோல் மேலங்கி, கழுத்தில் சால்வை. மணி மூன்று ஐம்பத்தெட்டு.

"வாங்கோ, வாங்கோ" என்றார் அவர். "கௌரி பயந்த பிள்ளை. கதைக்கத் தெரியாமல் குழப்பிப்போடும். அதுதான் நானே..."

பத்திநாதரைக் கண்டதும் வாய் நின்றது.

"யோகண்ணை, கபின் ஒரு ஆளுக்குத்தான் காணும்" என்றான் மடுத்தீன். "நீங்கள் ஆறு பேரை ஒரு கார் டிக்கியிலை அடுக்கிற ஆள், உங்களுக்கு இது விளங்காதுதான்." சொல்லிக்கொண்டே சால்வையோடு சேர்த்துப் பிடித்து வெளியே எடுத்தான். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிறவர்களுக்கு உடம்பில் பாரம் இருப்பதில்லைப் போலும், இலேசாக வந்துவிட்டார்.

"பத்திநாதர்!" யோகநாதன் பல்லைக் கடித்தார். "கொழும்பை நினைச்சுக்கொண்டு கதையும்."

மணி அடித்தது.

கௌரி எடுத்தாள். "இந்திரா... ஓம், நான்தான். இந்திரா, வராதை. நீ வராதையடி."

மறுமுனையில் குரல் கீச்சிட்டது, வாசலில் நின்ற எல்லாருக்கும் கேட்டது. "ஏன்? வான் வந்து நிக்குது. எல்லாரும் ஏறியாச்சு. அவர் பயமில்லை எண்டு எழுதினவர்தானே! நீதானே காலமை வாசிச்சுக் காட்டினனி!"

"அவர்... இந்திரா, அவர்..." கௌரியால் முடியவில்லை. றிசீவரை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு கண்ணாடியில் சாய்ந்துவிட்டாள்.

பத்திநாதர் அதை அவள் கையில் இருந்து மெல்ல எடுத்தார்.

"தங்கச்சி, நான் வங்காலை பத்திநாதர். உங்கடை அவரோடை வந்தவன். அவர் ஜெர்மனிக்குப் போகேல்லை. பாரிசுக்கும் வரேல்லை. அந்தக் காகிதம் ஏற முதல் எழுதினது. மலை சரிஞ்சு போச்சுது பிள்ளை. கயிறு என்ரை இடுப்பிலைதான் இருந்தது. நான் வெட்டினன்."

மேலே ஒரு மெற்றோ இரைந்துகொண்டு போனது. அது போய் முடியும்வரை அவர் பொறுத்து நின்றார்.

"எவ்வளவு தூரத்திலை?" என்றது குரல். கீச்சு இப்போது இல்லை.

"பதினொரு மீற்றர்."

யோகநாதன் சால்வையைச் சரிசெய்துகொண்டு கூட்டத்துக்குள் நழுவினார். மடுத்தீன் பார்த்தான், பின்னால் போகவில்லை. இம்மாகுலேற் மட்டும் அவர் போன திசையைக் குறித்துக்கொண்டாள்.

"அண்ணை, அவர் கையுறை போட்டிருந்தவரோ?"

"ஓம் பிள்ளை. நீலக் கம்பளிக் கையுறை."

"அது நான் பின்னினது."

பிறகு வான் ஹோர்ண் அடிக்கிறது மட்டும் தூரத்தில் கேட்டது. ஒருதரம். இரண்டாம் தரம். மடுத்தீன் வாழ்க்கையில் முதல் தடவையாக ஒரு பகிடியும் நினைவுக்கு வராமல், றிசீவரில் இந்திராதேவி மூச்சு விடுகிறதை எண்ணிக்கொண்டு நின்றான். மூன்றாம் தரம் ஹோர்ண் அடித்தது.

"பிள்ளை சப்பாத்துப் போட்டிட்டு வாசலிலை நிக்கிறாள், அண்ணை" என்றாள் இந்திராதேவி. "வையுங்கோ. கழட்டச் சொல்லவேணும்."